ஸ்டேஷன் இருக்கிற ஊர்

எங்க ஊர் இலுப்பக்கரை. செந்துறைக்கும் பெரம்பலூர் மாவட்ட எல்லைக்கும் நடுவுல, மக்காச்சோளமும் பருத்தியும் முந்திரியுமா கெடக்குற ஊரு. பேரைச் சொன்னதும் எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி கொஞ்சம் மாறும். "அட, அந்த ஊரா?"ம்பாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். எந்த ஊருய்யா? என்னத்தைக் கண்டீங்க எங்க ஊர்ல?

அவங்க கண்டதெல்லாம் பேப்பர்ல. "இலுப்பக்கரை அருகே விவசாயி வெட்டிக் கொலை." "இலுப்பக்கரை அருகே மாமனாரைக் கொன்ற மருமகன் கைது." டிவியில கீழ ஓடுற வரியிலயும் இலுப்பக்கரைதான். ஆனா நடந்தது எங்க? ஒண்ணு ஓடைக்கு அந்தாண்ட, ஒண்ணு முந்திரிக்காட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொண்ணு நாங்க யாரும் காலடி வச்சே பார்க்காத ஒரு கிராமத்துல. போலீஸ் ஸ்டேஷன் எங்க ஊர்ல இருக்கு, நாங்க பண்ண குத்தம் அவ்வளவுதான். சுத்துப்பட்டுல எவன் எவனை வெட்டினாலும் கேசு இங்க பதிவாகும், பேரு எங்க தலையில விழும். பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு நெனவு தெரிஞ்சு எங்க ஊருக்குள்ள ஒரு கொலை விழுந்ததில்ல. ஆடு திருடு போயிருக்கு, வரப்புச் சண்டையில மண்டை ஒடைஞ்சிருக்கு, அதை இல்லன்னு சொல்லல.

இந்தப் பழி யாரை ரொம்பப் படுத்துச்சுன்னா அம்பிகாக்காவைத்தான். அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன்.

என் பேரு ஜெயசித்ரா. ஸ்டேஷனுக்கு நேர் எதிர்ல டெய்லர் கடை வச்சிருக்கேன். பக்கத்துக் கடை அம்பிகாக்காவோட டிபன் கடை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகரத் தட்டிதான். அக்கா தோசை ஊத்துற சத்தம் எனக்குக் கேக்கும், என் மிஷின் சத்தம் அதுக்குக் கேக்கும். அக்காவும் அதோட தம்பி கலையரசனும் கடைக்குப் பின்னாலயே குடியிருக்காங்க.

அக்காவுக்கு நாப்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, இறுக்கி முடிஞ்ச கொண்டை, கால்ல சக்கரம். ஒரு எடத்துல நின்னு நான் பார்த்ததில்ல. மாவை ஊத்திட்டு மேசை தொடைக்கும், மேசையைத் தொடைச்சுக்கிட்டே ரோட்டை எட்டிப் பார்க்கும், அங்க பஸ்ஸு நின்னா யாரு எறங்குறாங்கன்னு வாசலுக்கு ஓடும், அதுக்குள்ள தோசை கருகும். "சித்த ஒக்காரேன்க்கா, உன்னைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது"ம்பேன். "ஒக்காந்தா கண்டதும் நெனப்பு வருது சித்ரா"ன்னு சொல்லிட்டு, கழுவின டம்ளரையே மறுபடி கழுவும். எடது கை சுண்டு விரல் மட்டும் மடங்காது, கோணலா நீட்டிக்கிட்டு நிக்கும். கேட்டதுக்கு, "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு"ன்னுச்சு.

அரியலூர்ப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க அக்காவை. புருஷன் சிமெண்ட் லாரி டிரைவர், நல்ல மனுஷன். மஞ்சக் காமாலை வந்து போயிட்டாரு. புள்ளையும் இல்ல. திரும்பி வந்துச்சு. வந்த கொஞ்ச நாள்லயே ஆத்தாளும் கண்ணை மூடிடுச்சு. அப்பன் முன்னமே இல்ல. அப்ப கலை பள்ளிக்கூடத்துப் பையன். ஒரே ஒரு தோசைக்கல்லை வச்சு இந்தக் கடையை ஆரம்பிச்சு அவனை வளர்த்து ஆளாக்குச்சு. இன்னிக்கு அவன் ஜே.சி.பி. ஓட்டுறான். வாட்டசாட்டமா இருப்பான், குடி கெடையாது, சீட்டு கெடையாது. கோவம் மட்டும் மூக்கு மேல ஒக்காந்திருக்கும். தட்டிக்கு அந்தாண்ட பாத்திரம் உருள்ற சத்தம் அப்பப்ப கேக்கும். "தங்கமான புள்ள, என்ன, கொஞ்சம் கோவக்காரன்"னு ஊரே சொல்லும். தங்கத்துல கொஞ்சம் செம்பு கலந்தாத்தானே நகை ஆகும்னு அதுக்கு ஒரு வியாக்கியானம் வேற.

அவனுக்கு முப்பத்தி நாலாச்சு, கல்யாணம் ஆகல. இதுதான் அக்காவை ஒக்கார விடாத நெனப்பு. தம்பிக்கு ஒருத்தி வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு அது நம்புச்சு. எதெல்லாம் சரியாகும்னு அப்ப நான் கேட்டுக்கல.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்ல? பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி ஊர் விசாரிப்பாங்க. ஜாதகம் பொருந்தும், படிப்பு பொருந்தும், எல்லாம் ஆனப்புறம் பொண்ணு வீட்ல இருந்து ஒருத்தர் யார்கிட்டயும் சொல்லாம கொள்ளாம மாப்பிள்ளை ஊருக்கு வந்து எறங்குவாரு. டீக்கடையில ஒரு டீ, முடி வெட்டுற கடையில ஒரு ஷேவிங், பொட்டிக்கடையில ஒரு பாக்குப் பொட்டலம். அங்கங்க ஒரு வார்த்தை போட்டு வாயைக் கிண்டிட்டுப் போயிடுவாரு. அதுல என்ன கூத்துன்னா, எங்க ஊர்ல பஸ்ஸை விட்டு எறங்கினா மொதல்ல இருக்கிறது அம்பிகாக்கா கடை. மாப்பிள்ளையோட அக்காகிட்டயே வந்து, "இந்த ஊர்ல கலையரசன்னு ஒரு பையன்..."னு இழுப்பாங்க. அக்கா என்ன பண்ணும், பாவம். "நல்ல பையங்க"ன்னு சொல்லிட்டு கூட ஒரு வடையை வைக்கும்.

வடையெல்லாம் நல்லாத்தான் தின்னாங்க. ஆனா தின்னுக்கிட்டே எதிர்ல பார்ப்பாங்களே! எதிர்ல ஸ்டேஷன். ஒரு நாளைக்கு ஒருத்தனை விலங்கு போட்டு எறக்குவாங்க, இன்னொரு நாளைக்கு நாலு பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு கெடப்பாங்க. வந்தவரு மீதி வடையை இலையில வச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடுவாரு. குன்னம் பக்கத்துல இருந்து வந்த ஒரு வரன் இப்படிப் போச்சு. ஜெயங்கொண்டத்துப் பொண்ணு இப்படிப் போச்சு. மீன்சுருட்டியில ஒரு வீட்ல தட்டு மாத்துற வரைக்கும் வந்து, பேப்பரைப் பார்த்துட்டு, "கொலைகார ஊருக்கு எம் பொண்ணை அனுப்ப மாட்டேன்"னுட்டாங்க.

ஒவ்வொண்ணும் தட்டிப் போறப்ப கலை அக்கா மேல பாய்வான். "உன் கடையாலதான்! ஸ்டேஷன் வாசல்ல கடையைப் போட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் வேடிக்கை காட்டுற!" அன்னிக்குப் பாத்திரம் உருளும். ஏன்டா மடையா, அந்தக் கடை சோறுதானேடா உன் உடம்புன்னு எனக்கு வாய் வரைக்கும் வரும்.

போதாக்குறைக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு படம் சுத்துச்சு. பக்கத்துப் பக்கத்து மாவட்டத்துல லட்சம் பேருக்கு எத்தனை கொலைன்னு. எவன் போட்டானோ, எங்க புடிச்ச கணக்கோ. எங்க அரியலூர் மாவட்டத்துக்கு செவப்பு அடிச்சிருந்தான், பெரம்பலூருக்கு மஞ்ச. அடுத்த வாரம் இன்னொண்ணு வந்துச்சு, அதுல அவங்க செவப்பு, நாங்க மஞ்ச! ஏன்யா, நேத்து வரைக்கும் ஒரே மாவட்டமா இருந்தவங்க நாம. பிரிச்சாங்க, சேர்த்தாங்க, மறுபடி பிரிச்சாங்க. நடுவுல கோடு போட்டதும் இந்தப் பக்கத்துக்காரனுக்கு ரத்தம் கொதிச்சு, அந்தப் பக்கத்துக்காரனுக்கு ஆறிடுமா? லட்சம் பேருக்குங்குறான். எங்க ஊர்ல லட்சம் பேருக்கு நான் எங்க போவேன்? ஆடு மாடு கோழியெல்லாம் சேர்த்தாலும் தேறாது.

அந்தப் படத்தை அக்கா ஒரு நாள் பிலவேந்திரன் ஏட்டையாகிட்ட காட்டுச்சு. அவரு ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரரு, எங்க ஸ்டேஷன்ல ஏட்டு. காலையில நாலு இட்லி அக்கா கடையிலதான். படத்தைப் பார்த்துட்டு சிரிச்சாரு.

"இதைப் பார்த்தா பொண்ணு குடுக்க மாட்டேங்குறாங்க? நல்லா இருக்கும்மா நியாயம். நடந்த எடம் வேற, எழுதுற எடம் வேற. அது கூடத் தெரியல."

"நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லக் கூடாதா ஏட்டையா?"

"கேக்குறவங்ககிட்ட சொல்லலாம். ஆனா ஒண்ணு. கோடு போட்டு மாவட்டம் மாவட்டமா எண்ணிட்டு பயப்படுறாங்கள்ல? என் சர்வீஸ்ல மொகம் தெரியாதவன் வெட்டி செத்ததை நான் பார்த்தது கொஞ்சம்தான். பெரும்பாலும் கூட ஒக்காந்து சோறு தின்னவன் பண்ண வேலைதான். அதுக்கு எந்த ஊர்ல போய் விசாரிப்பாங்க?"

அக்கா அப்ப சாம்பார் ஊத்திக்கிட்டிருந்துச்சு. கை தடுமாறி மேசையெல்லாம் சாம்பார். "அடுப்புல பால் வச்சிருக்கேன்"னு உள்ள போயிடுச்சு. அடுப்புல பால் எதுவும் இல்ல.

இப்படி இருக்கையில தரகர் கண்ணையன் ஒரு வரன் கொண்டாந்தாரு. வாலிகண்டபுரத்துப் பொண்ணு, பேரு ஜோதி. பெரம்பலூர்ல ஒரு மருந்துக் கடையில வேலை. அப்பா தர்மன், சின்ன வெங்காயம் போடுற விவசாயி. போட்டோ பார்த்தாச்சு, ரெண்டு பக்கமும் பிடிச்சிருச்சு. "பொண்ணோட அப்பா கொஞ்சம் பயந்த சுபாவம். ஊர் விசாரிக்காம நகர மாட்டாரு. பார்த்துக்கங்க. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க"ன்னு கண்ணையன் கண்ணடிச்சுட்டுப் போனாரு.

அன்னையில இருந்து அக்கா பண்ண அலப்பறை இருக்கே! முடி வெட்டுற கடை, பொட்டிக்கடை, பால் சொசைட்டின்னு ஒரு வாசல் விடாம போய், "யாராச்சும் கேட்டா நல்லபடியா சொல்லுங்க"ன்னு கும்புட்டுட்டு வந்துச்சு. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வாசலுக்கு ஓடுச்சு. வந்து எறங்குன இன்ஷூரன்ஸ்காரரைப் பொண்ணோட அப்பான்னு நெனச்சு கேசரி குடுத்து உபசரிச்சுச்சு. அவரு கேசரியைத் தின்னுட்டு அக்கா தலையில ஒரு பாலிசியைக் கட்டப் பார்த்தாரு. ஏட்டையாகிட்ட போய், "இந்த வாரம் மட்டும் யாரையும் புடிச்சுட்டு வராதீங்க"ன்னு வேற கேட்டுச்சு.

"ஏம்மா, கொலை பண்றவன்கிட்ட அடுத்த வாரம் நல்ல நாள் இருக்கு, அன்னிக்கு வச்சுக்கன்னு சொல்லவா?"ன்னாரு அவரு.

தர்மன் ஒரு புதன்கெழம வந்தாரு. வெள்ளை வேட்டி, கக்கத்துல துணிப்பை. எறங்கினதும் ஸ்டேஷனைப் பார்த்துட்டு எச்சில் முழுங்கினாரு பாருங்க, அப்பவே இவருதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. மிஷினை நிறுத்திட்டு தட்டி ஓரமா நின்னுக்கிட்டேன். அவரு ஒரு தோசை கேட்டாரு. அக்கா ரெண்டு சட்னியோட வச்சுது.

"ஊரெல்லாம் எப்படிம்மா? அமைதியா?"

"ரொம்ப அமைதிங்க அய்யா"ன்னு அக்கா சொல்லி வாயை மூடல. ஜீப்பு வந்து நின்னுச்சு. பின்னாலயே ஒரு வேன் நெறைய ஆளுங்க. ஜீப்புல இருந்து ரெண்டு பேரை எறக்கினாங்க, ஒருத்தன் சட்டையெல்லாம் கறை. வேன்ல இருந்து எறங்குன ஒரு பொம்பளை, செத்தவனோட ஆத்தாளா இருக்கும், ரோட்டுலயே விழுந்து, "எம் புள்ளைய முழுசா குடுங்கடா"ன்னு அலறுச்சு. ஐயோ சாமி, அந்தக் கொரல் இன்னும் என் காதுல இருக்கு.

தர்மன் பாதித் தோசையில எந்திரிச்சிட்டாரு. அக்கா கரண்டியும் கையுமா வாசலுக்கும் அடுப்புக்கும் அல்லாடுது. போச்சு, இதுவும் போச்சுன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பத்தான் ஏட்டையா ரோட்டைத் தாண்டி, அந்தப் பொம்பளைக்குத் தண்ணி வாங்க வந்தாரு.

"சார், இந்த ஊர்லயா நடந்துச்சு?"ன்னு தர்மன் கேட்டாரு.

"இந்த ஊரா? இது ஓடைக்கு அந்தாண்ட, ரொம்ப தூரம். நிலத் தகராறு, பங்காளிங்க. இந்த ஊர்க் கொலைன்னு நான் வந்ததுல இருந்து ஒண்ணு கூட எழுதினதில்லைங்க. ஸ்டேஷன் இங்க இருக்கு, அதனால பேரு இங்க வருது. ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்ல எல்லாருக்கும் சீக்குன்னு சொல்லுவீங்களா?"

தர்மன் யோசிச்சாரு. நின்ன வாக்குலயே யோசிச்சாரு. அப்புறம் மெதுவா ஒக்காந்து, மீதித் தோசையைத் தின்னு முடிச்சாரு. கை கழுவிட்டு வந்து அக்காவைப் பார்த்து, "நாந்தாம்மா ஜோதியோட அப்பா. ஊர்ல தப்பில்ல. பேப்பரை நம்பி இத்தனை நாளா நானும் தப்பாப் பேசிட்டேன். நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்க"ன்னாரு.

அக்கா அடுப்படிக்குள்ள போய் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. நானும் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் கலை பெரம்பலூர் போய் அக்காவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துட்டு வந்தான். மயில் கழுத்து நெறம். "நிச்சயத்துக்கு இதைக் கட்டிக்கக்கா"ன்னு அவன் குடுத்தப்ப மொகம் சின்னப் பையன் மாதிரி இருந்துச்சு. அந்தச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க என்கிட்டதான் குடுத்தாங்க. ஒரு வாரம் தட்டிக்கு அந்தாண்ட ஒரு சத்தமும் இல்ல.

அடுத்த வாரம் பகல் பஸ்ஸுல ஒரு பொண்ணு எறங்குச்சு. சுடிதார், தோள்ல ஒரு பை, தனியா. நேரா அக்கா கடைக்கு வந்து, "நாந்தான் ஜோதி"ன்னுச்சு.

அடி ஆத்தி! பொண்ணே மாப்பிள்ளை ஊருக்கு வந்து நிக்கிறதை எங்க பக்கத்துல யாரு பார்த்திருக்கா? அக்காவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பெஞ்சைத் தொடைச்சுது, மறுபடி தொடைச்சுது, "வாம்மா, ஒக்காரும்மா, வெயில்ல வந்திருக்கியே"ன்னு டீயைப் போட்டு நீட்டுச்சு. நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சுக்கிட்டிருந்தவ அப்படியே எந்திரிச்சுப் போய் அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டேன். கடையில வேற யாரும் இல்ல.

"அப்பா ஊரை விசாரிச்சுட்டு வந்துட்டாரு. நான் ஆளை விசாரிக்க வந்தேன்க்கா. உங்க தம்பிகிட்ட கேட்டா சொல்ல மாட்டாரு. உங்களைத்தான் கேக்கணும்"னுச்சு.

"கேளும்மா, தாராளமா கேளு."

அந்தப் புள்ள டம்ளரை வாங்கினப்ப அக்காவோட விரலைப் பார்த்துருச்சு. "சுண்டு விரல் என்னக்கா ஆச்சு?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சும்மா." சொல்லிச் சொல்லிப் பழகின பதில், தன்னால வந்துச்சு.

ஜோதி டீயைக் குடிக்கல. "நான் மருந்துக் கடையில நிக்கிறேன்க்கா. தெனமும் யாராச்சும் ஒரு அக்கா வருவாங்க. கண்ணு கிட்ட வீங்கியிருக்கும், இல்ல கை வீங்கியிருக்கும். வலிக்கு ஆயின்மென்ட் கேப்பாங்க. என்னாச்சுன்னு கேட்டா கதவு இடிச்சுடுச்சும்பாங்க. எல்லார் வீட்லயும் இதே கதவுதான்."

அக்கா அந்தக் கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிச்சு.

"கொலை நடக்குற ஊரா இல்லையான்னு எங்கப்பாவுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க தம்பி கோவம் வந்தா கை ஓங்குவாரா?"

தப்பு, பெரிய தப்பு, இந்தப் புள்ள இங்க வந்திருக்கவே கூடாதுன்னு எனக்குள்ள அடிச்சுக்கிச்சு. அக்கா ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். இல்லம்மா, தங்கம்னு சொன்னா போதும். ஆயிரம் பொய்க்கு அனுமதி உண்டுங்குறான் தரகன், இது ஒரே ஒரு பொய். இத்தனை வருஷமா ஓடின ஓட்டம், கும்புட்ட கும்புடு, திங்கக் குடுத்த வடை எல்லாம் அந்த ஒரு வார்த்தையிலதான் நிக்குது. "கோவம்னா எல்லா ஆம்பளைக்கும்..."னு அக்கா ஆரம்பிச்சுச்சு. பாதியில நின்னு போச்சு. எதிர்ல ஸ்டேஷனைப் பார்த்துச்சு. அந்த வாசப்படியில அன்னிக்கும் ஒரு பொண்ணு கொழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, மனுவோட நின்னுச்சு.

"ஓங்குவான் கண்ணு"ன்னுச்சு அக்கா. "ஓங்குறது மட்டும் இல்ல, அடிப்பான். ஒவ்வொரு வரன் தட்டிப் போறப்பயும் அடிச்சிருக்கான். இந்த விரலை ஒடைச்சது அவன்தான். நான் வளர்த்த புள்ள. கல்யாணம் ஆனா திருந்துவான்னு நெனச்சேன். உன்னை வச்சு அவனைத் திருத்தப் பார்த்தேன், எனக்கு வந்தது ஒனக்கு வரும்னு தெரிஞ்சே. என்னை மன்னிச்சுக்க தாயி."

ஜோதி எந்திரிச்சு அக்கா கையைப் பிடிச்சுச்சு. கோண விரலோட சேர்த்து ரெண்டு கையாலயும் பிடிச்சுச்சு. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிடுச்சு.

எனக்கா, அக்கா மேல கோவமான கோவம். அந்தத் தட்டிக்கு இந்தப் பக்கம் இத்தனை வருஷமா ஒக்காந்திருக்கேனே, ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியான்னு கத்தினேன். "சொன்னா என்ன பண்ணியிருப்ப? கோவக்காரன், அனுசரிச்சுப் போன்னுதானே சொல்லியிருப்ப"ன்னுச்சு. போய் மிஷின்ல ஒக்காந்தேன், ஊசியில நூல் கோக்க முடியல.

சாயங்காலம் கலை வந்தான். பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்கன்னு கண்ணையன் போன் பண்ணிச் சொல்லியிருப்பாரு போல, வண்டியை நிறுத்தக் கூட இல்ல, அப்படியே சாய்ச்சுப் போட்டுட்டு உள்ள வந்தான். கடையில நாலு பேரு டிபன் தின்னுக்கிட்டிருந்தாங்க. ஏட்டையா ஓரத்து மேசையில டீ குடிச்சுக்கிட்டிருந்தாரு.

"என்னடி சொன்ன அந்தப் புள்ளகிட்ட?"ன்னான். அக்காவை 'டி' போட்டு அவன் கூப்பிட்டு நான் கேட்டது அன்னிக்குத்தான்.

"உள்ளதைச் சொன்னேன்."

"என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" கையை ஓங்கிட்டான்.

நான் ஓடினேன். கையில பெரிய கத்திரிக்கோல் இருந்துச்சு, அதைக் கீழ வைக்கணும்னு எனக்குத் தோணல. ஏட்டையா டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சாரு. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி அக்கா கையைக் காட்டி நிறுத்துச்சு. அது ஓடல, ஒதுங்கல, அடுப்படிக்குள்ள போகல. நின்னுச்சு. அத்தனை வருஷத்துல அது ஒரு எடத்துல அசையாம நின்னு நான் பார்த்தது அப்பத்தான்.

"அடி"ன்னுச்சு. சத்தம் போடல, தோசை வேணுமான்னு கேக்குற கொரல்லதான் சொல்லுச்சு. "அடிடா. என்னிக்காச்சும் ஒரு நாள் கை தவறிப் போகும், நான் போய்ச் சேருவேன். அன்னிக்கு இலுப்பக்கரையில கொலைன்னு பேப்பர்ல போடுவாங்க. அது ஒண்ணாச்சும் பொய்யா இருக்காது."

ஓங்கின கை அங்கேயே நின்னுச்சு. தின்னுக்கிட்டிருந்த நாலு பேரும் அவனையே பார்த்தாங்க. அவன் அவங்களைப் பார்த்தான், ஏட்டையாவைப் பார்த்தான், கடைசியில அக்காவோட விரலைப் பார்த்தான். கை தன்னால எறங்குச்சு. சாஞ்சு கெடந்த வண்டியை நிமித்தத் தெரியாதவன் மாதிரி கொஞ்ச நேரம் அது பக்கத்துல நின்னுட்டு, தள்ளிக்கிட்டே போனான்.

ஏட்டையா அக்கா பக்கம் வந்து, "எழுதிக் குடுக்குறியாம்மா?"ன்னு கேட்டாரு.

அக்கா கையைத் தொடைச்சுக்கிட்டு அடுப்பை அணைச்சுச்சு. "சித்ரா, கடையைப் பார்த்துக்க"ன்னு சொல்லிட்டு, ரோட்டுல ரெண்டு பக்கமும் வண்டி வருதான்னு பார்த்துட்டு, எதிர்ப் பக்கம் நடந்து போச்சு.